மீன் குஞ்சுகளுக்கு அனுப்பிய தண்ணீர்

1

ஜெர்மனியில் ஐந்து நாள் ஆகாத மீன் குஞ்சு சட்டப்படி விலங்கு இல்லை. தானாக இரை தேடித் தின்னத் தொடங்கிய பிறகுதான் அது விலங்கு. அதற்கு முன்னால் அதை வைத்து ஆராய்ச்சி செய்ய விலங்குச் சோதனை அனுமதி வேண்டாம். ஆறாம் நாள் அதே குஞ்சைத் தொட்டால் கட்டுக்கட்டாகப் படிவம். முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சந்தேகம் வந்தது. ஐந்தாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் நடுவில் அந்தக் குஞ்சுக்கு என்னதான் ஆகிவிடுகிறது? அலுவலகத்தில் கேட்டேன். "அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார்கள். இந்த நாட்டில் என் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம். மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் மீன் தொட்டிகளையும் முட்டைகளையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர் நான். ஆம்பூரில் என் தம்பி வீட்டுத் தெருவில் என்னை சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை.

எனக்குச் சந்தேக புத்தி உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவர். பளபளவென்று இருக்கும் தோலைத் திருப்பிப் போடுவார், நகத்தால் கீறுவார், மடிப்பார், மோந்து பார்ப்பார். பிறகு ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். அவர் பெண்ணான எனக்கும் மேல்பக்கம் அழகாக இருந்தாலே அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். இதனால் வீட்டில் எல்லோருக்கும் தொல்லைதான். வேலையிடத்தில் மட்டும் இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

2

எங்கள் மீன்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பெங்கும் நீலக் கோடு. குஞ்சுகளோ கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். உயிரோடு நீந்தும்போதே இதயம் துடிப்பதையும் ரத்தம் ஓடுவதையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

உடம்பின் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். கண்ணில் இருப்பதுதான் ஈரலிலும் இருக்கிறது. ஆனால் எல்லாமே எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. எது, எங்கே, எப்போது விழித்துக்கொள்கிறது என்பதுதான் எங்கள் கூடத்தின் ஒரே கேள்வி. அறுத்துப் பார்த்தால் அறுத்த நேரத்தில் இருந்தது தெரியும், அதற்கு முன்னும் பின்னும் தெரியாது. அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரு வகை ஜெல்லி மீனிடம் பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செய்கிற மரபணு இருக்கிறது. அதை எடுத்து, நாம் வேவு பார்க்க நினைக்கும் மரபணுவை முடுக்கிவிடும் துண்டோடு சேர்த்து, மீன் முட்டைக்குள் செலுத்திவிடுவார்கள். பிறகு அந்த மீனும் அதன் வாரிசுகளும் அந்த மரபணுவை எப்போது முடுக்கினாலும் அதே இடத்தில் பச்சை ஒளியும் வரும். நீல விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால் போதும், குஞ்சு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் வளர்க்கும் வகை உலோகத்துக்கு ஒளிர்வது. தண்ணீரில் வேண்டாத உலோகம் இருந்தால், அதைப் பிடித்துக் கட்டிப்போட ஒரு புரதம் தேவைப்படும். அதைச் செய்யும் மரபணு விழித்தால் ஈரல் பச்சையாகும்.

என் மகள் எஸ்தருக்குப் பதினைந்து வயது. தோல் செருப்பு போடமாட்டாள். தாத்தா தோல் பிரித்துத்தான் உன் அம்மாவைப் படிக்க வைத்தார் என்றால், "அதற்கு நான் என்ன செய்யமுடியும்?" என்று ஜெர்மனில் கேட்பாள். தமிழ் புரியும், ஆனால் பதில் வராது. என் தம்பியை ஐசக் என்றுதான் கூப்பிடுகிறாள். மாமா என்று சொல்லு என்றால், அவருக்குத்தான் பெயர் இருக்கிறதே என்கிறாள்.

ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"அந்த மீனுக்கு வலிக்காதா, அம்மா?"

"அது இன்னும் விலங்கே இல்லை. சட்டம் அப்படி."

"உங்கள் ஊர் டேனரிக்காரர்களும் ஆற்றில் விட்டதெல்லாம் சட்டப்படிதான் என்று சொல்லியிருப்பார்கள், இல்லையா?"

சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து அறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

3

ஐசக், எங்கள் அப்பா வேலை செய்த ஊரிலேயே, வேறொரு டேனரியில், சூப்பர்வைசர். பாலாற்றை ஒட்டிய தெருவில் வீடு கட்டி போர் கிணறு போட்டிருக்கிறான். அவன் மனைவி மெர்சிக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போய் மூன்று மாதம் ஆனதும், வேலூருக்குச் செக்கப்புக்குப் போய்வந்த சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டாள். "ஜெபம் பண்ணிக்கோங்க அண்ணி" என்றாள். நான் ஜெபம் பண்ணினேன். ஆனால் கண்ணை மூடியிருந்த நேரம் முழுவதும் அந்த போர் தண்ணீர்தான் ஞாபகத்தில் ஓடியது. சந்தேகம் தொற்றிக்கொண்டால் கடவுளிடம்கூட ஒழுங்காகப் பேசமுடிவதில்லை.

மறுநாள் ஐசக்கைக் கூப்பிட்டேன்.

"உன் வூட்டு போர் தண்ணி ஒரு லிட்டர் அனுப்புடா."

"இன்னாத்துக்குக்கா? அங்க தண்ணி இல்லியா?"

"என் மீனுக்கு."

குரலைத் தாழ்த்தினான். "டெஸ்ட்டு கிஸ்ட்டு பண்ணி எங்கனா எழுதிடாதக்கா. எங்க கம்பெனி பேரு அடிபட்டுச்சின்னா முதல்ல என்னத்தான் கேப்பாங்க. நாங்க எல்லாம் சுத்தம் பண்ணித்தான் வெளில விடறோம்."

"உன் கம்பெனிய யாருடா கேட்டா? மெர்சி குடிக்கிற தண்ணிய கேட்டேன்."

"சரி சரி. இம்தியாஸ் பாய் வர்றாரு, குடுத்தனுப்பறேன்."

இம்தியாஸ் பாய் ஐசக் கம்பெனியின் அலுவலகத்தில் இருப்பவர். தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கண்காட்சிக்கு இங்கே வருவார். ஹோட்டல் வாசலில் ஒரு சின்னப் பெட்டியோடு காத்திருந்தார். துண்டில் சுற்றிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"இது இன்னா தண்ணி சிஸ்டர்? ஏர்போர்ட்ல பொட்டிய தொறந்து கேட்டான். சர்ச் தண்ணின்னு சொல்லிட்டேன். என் தாடிய ஒரு தடவ பாத்தான், பாட்டில ஒரு தடவ பாத்தான். பேஜாராப் போச்சு."

"என் பொண்ணு ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு பாய்" என்று பொய் சொன்னேன்.

"டெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். மூடியின் சீல் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கம்பெனி அலுவலக ஆள், கம்பெனிக்கு ஆகாத தண்ணீரை அப்படியே கொண்டுவருவாரா? அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே இதை நினைத்தேன்.

4

நான் செய்தது அனுமதி இல்லாத வேலை. கழித்துக்கட்ட வைத்திருந்த மீந்த முட்டைகள், மதிய இடைவேளை, மூன்று கிண்ணங்கள். ஒன்றில் எங்கள் தொட்டித் தண்ணீர். இன்னொன்றில் மீன் நிச்சயமாக ஒளிரும் அளவுக்குத் துத்தநாக உப்பு கலந்த தண்ணீர். மூன்றாவதில் ஆம்பூர். ஐந்து நாளுக்குள் முடிக்கவேண்டும், அதற்கு மேல் போனால் அவை விலங்காகிவிடும், நான் குற்றவாளியாகிவிடுவேன்.

நாலாம் நாள் பார்த்தேன். துத்தநாகக் குஞ்சுகளின் ஈரல் பச்சையாக இருந்தது. தொட்டித் தண்ணீர்க் குஞ்சுகள் இருட்டாக இருந்தன. ஆம்பூர்க் குஞ்சுகளும் இருட்டு. சின்னப் பொட்டுகூட இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். எனக்கு நிம்மதி வரவே இல்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு துகள் இல்லை. அது தோலைத் திருப்பிப் போடுகிற நேரம். மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய், கையில் ஊற்றி சோப்பு போட்டேன். மணிக்கட்டு வரைக்கும் நுரை வந்தது.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து ஒட்டும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். இது எங்கள் தண்ணீர் இல்லை.

யார் மாற்றினார்கள்? வேலைக்குப் பயந்து ஐசக்கா? கம்பெனிக்காக இம்தியாஸ் பாயா? தம்பியை நான் தோளில் தூக்கி வளர்த்திருக்கிறேன். ஆனாலும் என் மனதில் முதலில் வந்தது அவன் பெயர்தான். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன், அப்போது வெட்கப்படவில்லை.

5

ஐசக் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மெர்சியைக் கூப்பிட்டேன்.

"மெர்சி, அந்த பாட்டில்ல எந்தத் தண்ணி புடிச்சீங்க?"

"ஏன் அண்ணி, நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா இருக்குது. அதான் கேக்கறேன்."

"கோவிச்சிக்காதீங்க. அவரு போர் தண்ணி தான் புடிச்சி வெச்சாரு. காத்தால பாத்தா மஞ்சளா நிக்குது, அடியில வேற படிஞ்சிருக்குது. வெளிநாட்டுக்குப் போற தண்ணி, நாலு பேரு பாப்பாங்க. அத எப்டி அண்ணி அனுப்பறது? அவரு போனதும் கொட்டிட்டு, பாட்டில நல்லா கழுவி, கடையில ஒரு பாட்டில் தண்ணி வாங்கியாந்து ரொப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளியே போகிற பாத்திரத்தில் குறை இருக்கக்கூடாது. நாத்தனார் வீட்டுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். முறுக்கு அனுப்பினால் உடையாத முறுக்கு, மாம்பழம் அனுப்பினால் அடிபடாத பழம். அவள் தண்ணீரையும் அப்படியே அனுப்பியிருக்கிறாள். ஒரு ஆய்வுக்கூடத்துச் சோதனையை, கண்ணாடியும் விளக்கும் மரபணுவும் சேர்ந்து செய்கிற வேலையை, ஒருத்தி மரியாதைக்காகக் கெடுத்துவிட்டாள்.

"எனக்கு அந்த மஞ்சத் தண்ணி தான் வேணும் மெர்சி. கழுவாத, வடிகட்டாத, அப்டியே குடு."

ஏதோ ஒரு ஆர்டரில் சாயம் ஒத்துவரவில்லை என்று வாடிக்கையாளர் தகராறு செய்ததில் இம்தியாஸ் பாய் இரண்டே மாதத்தில் மறுபடி வந்தார். இந்தத் தடவை பாட்டிலை உடனே கொடுக்கவில்லை.

"பிராஜெக்ட் இன்னும் முடியலியா சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "என் வூடு அதுக்கு அடுத்த தெரு தான். என் போர்ல வர்றதும் இதே தண்ணி தான். ரிசல்ட் வந்தா எனக்கும் சொல்லுங்க. கம்பெனிக்கு இல்ல. எனக்கு."

பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் உப்பிலேயே குஞ்சு செத்துவிடும் என்று, தொட்டித் தண்ணீரோடு நாலில் ஒரு பங்காகக் கலந்தேன். நாலாம் நாள் மதியம் விளக்கைப் போட்டேன். ஒவ்வொரு குஞ்சிலும், ஈரல் இருக்கும் இடத்தில், பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பச்சையையும் நான் நம்பவில்லை. புது முட்டை எடுத்து மறுபடி செய்தேன், மூன்றாம் தடவையும் செய்தேன். மூன்று தடவையும் பச்சை. அப்போது மெர்சிக்கு ஐந்து மாதம்.

6

வீடியோவில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். எந்த உலோகம், எவ்வளவு என்று என் மீனுக்குச் சொல்லத் தெரியாது, மனுஷ உடம்பில் என்ன செய்யும் என்றும் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது, மெர்சி அதைக் குடிக்கவேண்டாம் என்றேன்.

ஐசக் சிரித்தான். "மீன் வேற, மனுஷன் வேறக்கா."

பாதி உண்மைதான். அதனால் பதில் சொல்லத் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டான்.

"உன் மீனுக்கு நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கல. உனக்கே இப்போல்லாம் நம்ம ஊரு ஒத்துக்கறதில்ல. அதுக்கு நான் இன்னா பண்றது?" எழுந்து போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

மறுநாள் மெர்சி மாடியிலிருந்து தனியாகக் கூப்பிட்டாள்.

"அவர தப்பா நெனைக்காதீங்க அண்ணி. ரெண்டு வருஷம் முன்னாடி தெருவே சேந்து தண்ணி கெட்டுப்போச்சின்னு சர்ச் கிரவுண்டுல கூட்டம் போட்டாங்க. எல்லாரும் இவரத்தான் கேட்டாங்க, டேனரி ஆளு ஆச்சே. இவருக்கு ரோஷம் வந்துடுச்சி. நம்ம போர்லேருந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் குடிச்சிக் காட்டினாரு. அன்னிலேருந்து கேன் வண்டி எங்க வாசல்ல நிக்க முடியாது, நின்னா இவரு பொய் சொன்னாருன்னு ஆயிடும்."

"அப்போ போன டிசம்பர்ல நாங்க வந்தப்போ?"

"நீங்க வந்தா நிக்கலாம். வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு சொன்னா யாரு கேப்பா? தண்ணி சரியில்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியாமலா உங்களுக்கும் எஸ்தருக்கும் கேன் வாங்கி சமையக்கட்டுல வெச்சேன்?"

போன டிசம்பரில் அந்த வீட்டில் குடித்த தண்ணீரைப் பற்றி, ஊர் தண்ணீர் மாதிரி வருமா என்று இங்கே நண்பர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். நான் குடித்ததே வேறு தண்ணீர். என் கூடப்பிறந்தவன் வீட்டில் நான் விருந்தாளியாகி எவ்வளவு நாள் ஆகிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் மெர்சி. "நீங்க வர்றீங்கன்னு தெருவுல சொல்லிடட்டுமா? முன்னாடியே கேன் வாங்கி வெக்கிறேன்னு சொல்லிக்கலாம். கொழந்த பொறக்கற வரைக்கும் ஓட்டிடலாம்."

"சொல்லு" என்றேன்.

7

அந்தத் தெருவைப் பொறுத்தவரை நான் இரண்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறேன். முதலில் லீவு கிடைக்கவில்லையாம். பிறகு எஸ்தருக்குப் பரீட்சையாம். இப்போது விசா பேஜாராம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் இந்தியா வருவதற்கு விசா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் விஷயத்தில் எங்கள் தெரு எதையும் நம்பும். கேன்கள் வாசலில் இறங்குகின்றன. மெர்சி குடிக்கிறாள். ஐசக் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறானாம். அவன் மட்டும் தினமும் காலையில் வாசலில் நின்று போர் தண்ணீரைச் சொம்போடு குடிக்கிறானாம், தெரு பார்க்க. அவனை நினைத்தால் அறையவேண்டும் போலவும் இருக்கிறது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருக்கிறது.

இம்தியாஸ் பாய்க்கு மட்டும் முடிவைச் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் போருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார், காரணம் யாரிடமும் சொல்லவில்லை. ஆகமொத்தம் விஷயம் தெரிந்த இரண்டு வீடுகள் தப்பித்துக்கொண்டன. மெர்சி பத்திரமாக இருக்கவேண்டும், அவ்வளவுதானே நான் கேட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அது அவ்வளவு நன்றாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மெர்சி வீடியோவில் வந்தாள். ஏழு மாத வயிறு. பக்கத்து வீட்டு லில்லி அத்தை அங்கே இருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தெரிந்தவர். தன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனை மெர்சியின் கையிலிருந்து வாங்கினார்.

"ஏண்டி, வர்றேன் வர்றேன்னு எத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கே? உனக்குன்னு கேன் எறக்கி எறக்கி உன் தம்பி பொண்டாட்டிக்கு இடுப்பே போச்சி."

"வரணும் அத்தை."

"உங்களுக்கெல்லாம் இனிமே நம்ம தண்ணி ஒத்துக்காது, பாவம். எங்களுக்கு இன்னா? ஐசக்கே குடிக்கிறான், நாங்களும் குடிக்கிறோம். எம் பொண்ணும் அதத்தான் குடிக்கிறா."

அவர் தோளுக்குப் பின்னால் மெர்சி தெரிந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், ஆட்டவில்லை. வாசல் பக்கம் ஐசக்கின் குரல் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. நான் சொல்லப்போவது அவனை அந்தத் தெருவில் என்ன ஆக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அத்தை" என்றேன். "அந்தக் கேன் எனக்கு இல்ல. மெர்சிக்கு."